நான்காம் படியில் நின்ற கணினி

பிப்ரவரி 3
பால் பாக்கெட்டில் இருந்ததை எல்லாம் படித்தேன். காய்ச்சிக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். படித்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. முப்பது வருஷம் லிப்ட் ஓட்டியவன், எண் மட்டும்தான் தெரியும். இப்போது எழுத்தும் தெரியும். பால் போனால் போகட்டும்.

பிப்ரவரி 5
மருமகள் முகம் வாடியிருக்கிறது. அவள் எழுதிய மென்பொருளில்தான் நான் படிக்கப் பழகினேன். திரையில் ஒரு சொல்லைத் தொட்டால் கணினி வாய்விட்டுச் சொல்லும். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று பொதுவில் வைக்கப் போகிறாள். அதற்கு முன் எங்கோ இருக்கும் இரண்டு பேர் சரிபார்க்க வேண்டுமாம். ‘எங்கள் கணினியில் ஓடவில்லை’ என்று திருப்பிவிட்டார்கள். இருபதாம் தேதிக்குள் மறுபடி அனுப்ப வேண்டும். மார்ச்சில் அவள் பிரசவ விடுப்பும் முடிகிறது.
“அப்புறம் இதத் தொட நேரம் ஏது மாமா?” என்றாள்.

பிப்ரவரி 6
“என் கணினியில ஓடுதே,” என்கிறாள். “என்னோடதுலயும்தான்,” என்கிறான் மகன். அவனுடையதைத் தயார் செய்து கொடுத்ததே அவள்தான். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. சொல்லவில்லை, எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 8
பரணில் கிடந்த பழைய மடிக்கணினியில் இருந்ததை எல்லாம் அழித்துத் தரச் சொன்னேன். அவள் தாளில் எழுதிய ‘நிறுவும் முறை’ எட்டுப் படி. நானே செய்து பார்க்கப் போகிறேன்.
“முதல் படி ஏறவே ஒரு வாரம் ஆகும்பா,” என்றான் மகன்.
ஆகட்டுமே. லிப்டிலேயே போனவனுக்குப் படி புதுசுதான்.

பிப்ரவரி 9
இரண்டு படி. கட்டளைகள் ஆங்கில எழுத்தில். கோலம் பார்த்துப் போடுவதுபோல் வடிவம் பார்த்துத் தட்டினேன். தாளில் சின்ன எழுத்து, விசையில் பெரிய எழுத்து. ஆள் ஒன்று, முகம் இரண்டு.

பிப்ரவரி 10
மூன்றாம் படி: ‘வழக்கம்போல நிறுவவும்.’
“யாரோட வழக்கம்மா?” என்று கேட்டேன்.
அந்த வரியை அடித்துவிட்டு ஐந்து வரி எழுதினாள்.

பிப்ரவரி 12
நான்காம் படியில் நின்றுவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.
“ஒரு வரிய விட்டுட்டீங்க மாமா.”
“விட்டுப் படிக்க எனக்கு இன்னும் வரலம்மா.”
குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். குரலுக்கு வேறொரு மென்பொருள் தொகுப்பு வேண்டுமாம். இரண்டு வருஷத்துக்கு முன் தன் கணினியில் போட்டதை மறந்தே போயிருக்கிறாள். தாளில் அது இல்லவே இல்லை.
“அவங்களுக்கும் இங்கதான் நின்னிருக்கும்,” என்றாள்.
நானா கண்டுபிடிச்சேன் — நானா?

பிப்ரவரி 17
எட்டாம் படி. பழைய கணினி ‘தண்ணீர்’ என்றது. குழந்தை திரும்பிப் பார்த்தது.

பிப்ரவரி 18
அனுப்பிவிட்டாள்.

மார்ச் 2
அவளுக்கு இன்று ஆபீஸ். பதில் இல்லை.

மார்ச் 9
ஏற்றுக்கொண்டார்கள். மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “சரிப்பா, ஒத்துக்கறேன்,” என்றான். அவ்வளவுதான். போதும்.

ஏப்ரல் 6
எந்த ஊரோ, யாரோ ஒருவர், முதியோர் வகுப்பில் போட்டுப் பார்த்தாராம். ஆறாம் படி புரியவில்லை என்று எழுதியிருக்கிறார். மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டே, “நீங்க பாத்து வைங்க மாமா, சாயங்காலம் திருத்திடறேன்,” என்று ஓடினாள்.
இப்போது மணி பதினொன்று. ஆறாம் படியை நான்கு தடவை படித்துவிட்டேன். அவர் சொல்வது சரிதான்.