ஆதிமூலம் கொண்டுவராத கருவாடு

சைகோன், 1936 மாசி

சௌபாக்கியவதி ஆதிலட்சுமிக்கு,

நான் சுகம். பாகூரில் நீயும் அம்மாவும் சுகம்தானே?

ஞாயிறு சாயங்காலம் என் அறையில் ஊர்க்காரர்களுக்குச் சிக்கனமாய் ஒரு விருந்து வைத்தேன். அரிசி என்னுடையது, மற்றதை ஆளுக்கொன்றாய்க் கொண்டுவந்தார்கள். பாட்டும் சிரிப்புமாய் இருந்தோம். கருவாட்டோடு வரவேண்டிய கரையாம்புத்தூர் ஆதிமூலம் மட்டும் வரவில்லை. மத்தியானமே வாந்திபேதியில் போய்விட்டான் என்று சேதி வந்தது.

"இங்க நம்மள வுட்டா அவனுக்குப் பங்காளி யாரு? சாவு வூட்ல அடுப்பு எரியலாமா?" என்றான் வந்திருந்த நடேசன். பாதி வெந்த சோற்றோடு அடுப்பை அணைத்தேன்.

எனக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் ஓமம் அனுப்பு.

சனிக்கிழமை ஆதிமூலம் சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதமும் இதே கப்பலில் வருகிறது. அதை யாராவது அவன் மனைவி காசம்மாளுக்குப் படித்துக் காட்டுமுன் நீ அவளிடம் போய்விடு. அதிலும் முதல் வரி, 'நான் சுகம்' என்பதுதான்.

உன் தங்கவேல்