மீனுக்கு ரெண்டு நாள் பட்டினி

என்னங்க, நீங்க குளிச்சு முடிக்கிறதுக்குள்ள எழுதுறேன்.

மீன்தொட்டிக் கண்ணாடியில வெள்ளை நூல் மாதிரி நெளியிறது புழுதான், ஆனா மீனை ஒண்ணும் பண்ணாது. மருந்து ஊத்திடாதீங்க. பசிக்குமே பசிக்குமேன்னு நீங்க அள்ளிப் போட்ட தீனி அடியில அழுகித்தான் இப்படி ஆச்சு. ரெண்டு நாள் தீனியே வேண்டாம். அடிக்கசடைக் குழாய் வச்சு உறிஞ்சிட்டு, கால்வாசித் தண்ணி மாத்துங்க.

நான் அக்கா வீட்டுக்குப் போறேன். சொன்னா, "தனியா எதுக்கு?"ன்னு நீங்களும் சட்டையை மாட்டிக்கிட்டு வந்துடுவீங்க. குப்பை கொட்டப் போனாக்கூட போன் பண்றீங்க. அன்புதான், தெரியும். மூச்சு முட்டுதுங்க.

சோறு அடுப்பு மேல இருக்கு.

இன்னொண்ணு: ஞாயித்துக்கிழமை வந்துடுவேன். கூப்பிட வராதீங்க. ஒரு தடவையாவது நானா வீட்டுக்கு வர்றேனே.