மாடு ஏத்தின லொறி நிக்காது

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் தனுஷன் வணக்கம் சொல்லி எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு? போன்ல கேட்டா ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்லுவீங்க. அதனாலதான் கடிதாசி.

செவ்வாய்க்கிழமை பொலன்னறுவையிலிருந்து நாலு சினை மாடு ஏத்திக்கிட்டு நானுஓயா பண்ணைக்குப் போனேன். ராகலைக்குக் கீழ ரோட்டோர தேயில மலையில நீங்க கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தீங்க. முதுகுதான் தெரிஞ்சிச்சு. நான் வாங்கிக் குடுத்த பச்சை ஸ்வெட்டர வச்சுக் கண்டுபிடிச்சேன்.

நிறுத்தாம போயிட்டான்னு கோவிக்காதீங்க. மாடு ஏத்தினா வழியில நிக்கக் கூடாதுன்னு எங்க முதலாளி கண்டிப்பு. நானும் ஒரு தடவ கேக்காம டீக்கு நிறுத்தினேன். இறக்கப்போறாங்கன்னு நெனச்சு ஒரு மாடு கயித்த இழுத்து விழுந்துச்சு. வயித்துல இருந்த கன்னு போயிருச்சு. அதுக்கப்புறம் யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்ல. லொறித் தட்டுல வைக்கோல் மொத்தமாப் போடுறேன், மாட்டுக்கு மாடு நடுவுல கட்டை குடுக்கிறேன். ஹோன் அடிச்சா மெரளும்னு உங்களையும் கூப்பிடல.

அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு மறுபடி அந்தப் பக்கம் வர்றேன். உங்களுக்கும் வேலை இல்லாத நாள். ரொட்டியும் இடிச்ச சம்பலும் ஒரு பையில போட்டு, கோயில் வளைவுல நான் உக்காந்திருக்கிற பக்கமா நில்லுங்க.

ஏத்தக் கூப்பிடுறாங்க, முடிக்கிறேன். அந்த வளைவுல மாடு சரியாம இருக்க, ஆள் நடக்கிற வேகத்துலதான் ஓட்டணும். முழங்கால் விட்டா நாலு எட்டு கூடவே நடந்து வாங்கம்மா.

உங்க மகன்
தனுஷன்