டேஷ்போர்டுக்குள் இருந்த மயில்

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

மேசைமேல் நகத்தளவு தங்கத்தாள் ஒன்று கிடக்கிறது. அதில் பாதி மயில் கழுத்து. நீலம் தன் இடத்தில் விழாமல் தள்ளி விழுந்திருக்கிறது. உனக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அச்சு பிசகியதால் பட்டாசுக் கம்பெனி வாங்க மறுத்த மயில் லேபிள் அது. அந்த லோடு உன் சிவகாசி அச்சகத்தைத் தாண்டி வெளியே போகவேயில்லை. மாலை நேரங்களில் அந்தத் தாளில்தான் நீயும் நானும் மிக்சரைக் கொட்டிவைத்துத் தின்போம்.

போன வாரம் காரின் ஸ்பீடோமீட்டர் முள் நகரவில்லை என்று விருதுநகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மெக்கானிக் சாவியைத் திருப்பினான், அணைத்தான், மறுபடி திருப்பினான்.

"அண்ணாச்சி, சாவி போட்டதும் எல்லா லைட்டும் ஒரு தடவ எரிஞ்சு அணையணும்ல. இந்த என்ஜின் லைட்டு மட்டும் கண்ணே தொறக்க மாட்டேங்குதே. நீங்க கவனிச்சதே இல்லையா?"

இல்லை. கார் வாங்கிய நாளிலிருந்து அந்த விளக்கு எரிந்ததில்லை. எரியாதவரை என்ஜின் நலம் என்றே நம்பினேன். அவன் டேஷ்போர்டைக் கழற்றி, விளக்குக்கு முன்னால் ஒட்டியிருந்த தாளை உரித்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"ஒட்டுனவரு நம்ம சிவகாசிக்காரருதான் போல. மயிலு போட்டு ஒட்டிருக்காரு பாருங்க" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

அந்தக் கார் உன் கார். நீ ஓட்டியது, நீ எனக்கு விற்றது. இருக்கன்குடி கோயிலில் பூசை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை நீயே குனிந்து வைத்தாய். "வண்டி தங்கம் மாப்ள. கண்ண மூடிக்கிட்டு ஓட்டு" என்றாய். உன் அச்சக வேன்களில் எந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் நீ ஒரே வசனம்தான் சொல்வாய்: "லைட்டு எரிஞ்சா ஒர்க்‌ஷாப்காரனுக்குத்தாம்ல வெளிச்சம்." எத்தனை முறை கேட்டாலும் நான் சிரிப்பேன். என்னை வைத்தும் அதைச் செய்வாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆமத்தூருக்குப் பக்கத்தில் அந்தக் கார் நின்றுபோன நாள் உனக்கு நினைவிருக்கும். ஓட்டியவன் என் மகன் பாலா. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். டைமிங் செயின் தளர்ந்து தளர்ந்து கடைசியில் அறுந்து, என்ஜினே போய்விட்டது என்றார்கள். செய்தி கேட்டு நீ வந்தாய். என் வீட்டுக் காப்பி உன் கையில் இருந்தது. தெருவே பார்க்க நான் அவனைத் திட்டினேன்.

"காரா ஓட்டுன, ரோடு ரோலரா ஓட்டுன? எச்சரிக்க விளக்கு எரிஞ்சிருக்கும்ல, கண்ணு எங்கல போச்சு?"

"லைட்டு எதுவும் எரியலப்பா. எரிஞ்சிருந்தா நிப்பாட்டியிருப்பேன்."

"பொய் வேற சொல்லுதியா?"

பிறகு உன்னிடம் திரும்பினேன். "நீயே சொல்லுப்பா. உன்கிட்ட இருந்தப்ப ஒரு நாளாச்சும் மக்கர் பண்ணுச்சா?"

நீ காப்பியை ஒரு வாய் குடித்தாய். "எங்க பண்ணுச்சு? சின்னப் பயலுக, அமுக்கி ஓட்டியிருப்பானுக. விடு மாப்ள, புள்ளைய வையாத."

உன் பெருந்தன்மையை நினைத்து அன்று எனக்குக் கண் கலங்கியது. அதைத்தான் இப்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

வேறு என்ஜின் வைத்துக் கார் ஓடத் தொடங்கிவிட்டது. பாலா அதன் சாவியை அதன்பின் தொடவில்லை. ஓசூரில் வேலைக்குப் போனான். தீபாவளிக்கு வந்தாலும் பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில்தான் வருகிறான். ஏதாவது கேட்டால், "சொன்னா நம்பவா போறீக?" என்று எழுந்துவிடுகிறான். இவ்வளவையும் நீ பக்கத்தில் இருந்து பார்த்தாய். "ஏன் மாப்ள, பையன் பேசவே மாட்டேங்கான்?" என்று என்னிடமே விசாரித்தாய். விளக்கு எரிகிறது என்று அன்றே சொல்லியிருந்தால், செயினை மாற்றிவிட்டு அதே காரை அதே விலைக்கு வாங்கியிருப்பேன். உனக்கு அதுவும் தெரியும்.

பட்டாசு சீசன் முடிந்த கையோடு நீ திடீரென்று போய்விட்டாய். உன் பாடைக்கு நான் தோள் கொடுத்தேன். லீவு போட்டு வந்து பாலாவும் கொடுத்தான்.

தாள் கிடைத்த அன்றே அவனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "அதுக்கு இப்ப என்னப்பா?" என்றான். "மாமா போயிட்டாக. விடுங்க." அவன் குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது அகப்பட்டிருக்கும்.

நேற்று உன் மகன் கூப்பிட்டான். வருசத் திதிக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்களாம். "மாமா, அப்பாவோட நேர்மையப் பத்தி நீங்க எழுதுனாத்தான் நல்லாருக்கும்" என்றான். அச்சகத்தில் மாட்டியிருக்கும் உன் படத்துக்குமுன் சின்ன சிவப்பு பல்பு ஒன்று எந்நேரமும் எரிகிறது. அதை யாரும் தாள் ஒட்டி மறைப்பதில்லை.

கேட்டதை எழுதிவிட்டேன். இதுதான் அது. நேரில் கொண்டுபோனால் மதினி காப்பி கொடுப்பாள். குடித்துவிட்டு, மடலைச் சட்டைப்பையிலேயே திருப்பிக் கொண்டுவந்துவிடுவேன். அதனால் தபாலில் போடுகிறேன். மயில் துண்டை மட்டும் அனுப்பவில்லை. அது என் பர்ஸில், பாலாவின் பள்ளிக்கூடப் படத்துக்குப் பின்னால் இருக்கட்டும்.

கீழே 'உன் நண்பன்' என்று எழுதி அடித்துவிட்டேன். பெயரும் போடப்போவதில்லை. முதல் வரியின் கையெழுத்திலேயே உன் மகனுக்கு யார் எழுதியது என்று தெரிந்துவிடும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது உங்கள் வீட்டுக்குப் புதிதா என்ன?