உங்க மனுவை மூடிட்டாங்க அக்கா

என் பிரியமான பவானி அக்காவுக்கு,

நீங்க போய் நாற்பது நாள் ஆச்சு. தீர்ப்பாயத்துல உங்க மனுவை மூடிட்டாங்க. அதை உங்ககிட்ட சொல்ல வேற வழி தெரியாம எழுதுறேன்.

கோப்பெங் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்துல பிறந்தோம். தோட்டத்தை வித்த பிறகு, ஈப்போ டவுன்ல துப்புரவுக் குத்தகைக்காரர்கிட்ட ஒரே ஸ்கூலைக் கூட்டிக் கழுவுற வேலை. துடைப்பம் வைக்கிற ஸ்டோர் ரூமுக்குள்ள சூப்பர்வைசர் உங்க பின்னாடியே வந்தான். இடுப்புல கை வச்சான். ஒரு தடவை இல்லை.

மேனேஜர்கிட்ட சொன்னீங்க. "சின்ன விஷயம் லா, பேசி செட்டில் பண்ணிக்குங்க"ன்னாரு. அப்புறம் ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பா வந்தீங்க. "தேவி, இதுக்குன்னே சட்டமும் தீர்ப்பாயமும் இருக்காம். வக்கீலும் வேணாமாம்."

மலாய்ல இருந்த மனுப் பாரத்தை நான்தான் நிரப்பினேன்.

"சாட்சின்னு உன் பேரைப் போடலாமா? அன்னைக்கு துடைப்பம் எடுக்க வந்தப்போ நீ பார்த்தேல்ல?"

"வேணாம் அக்கா. இந்த வேலை போச்சுன்னா நான் எங்க போவேன்?"

பாரத்தை மடிச்சுப் பையில வச்சீங்க. "சரி லா. நானே பேசிக்கிறேன்."

மனு கொடுத்துட்டு விசாரணைக்குக் காத்திருந்தப்போ, ஒருநாள் மாடிப்படியைக் கழுவிக்கிட்டு இருக்கும்போது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தீங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அந்தக் கவலைதான் உங்களைக் கொன்னுச்சா? எனக்குத் தெரியல. சாவு வீட்டுக்கு அந்த சூப்பர்வைசரும் மாலையோட வந்தான். நான் நகர்ந்து வழி விட்டேன்.

மறுவாரம் விசாரணைக்கு வரச் சொல்லி உங்க பேருக்குக் கடிதம் வந்துச்சு. இறப்புச் சான்றிதழை எடுத்துக்கிட்டு நான் போனேன். தீர்ப்பாயத்துல இருந்த மலாய்க்கார அதிகாரியம்மா தண்ணி கொடுத்தாங்க. மனு கொடுத்தவங்களே இல்லாதப்போ மேற்கொண்டு நடத்த முடியாதுன்னு மெதுவா சொன்னாங்க.

வெளியில அவன் நின்னான். "பாவம் பவானி. நீ எப்படிப் போவே? வா, கார்ல விடுறேன்." முடியாதுன்னுகூட சொல்லல அக்கா. பஸ் இருக்குன்னு சொன்னேன்.

உங்களுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. உங்களுக்கு நடக்குறதுக்கு முன்னாடியே எனக்கு நடந்துச்சு. அதே ரூம்ல. என்னை வேற பிளாக்குக்கு மாத்திட்டு உங்களை அங்க போட்டப்போ, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அப்பவே சொல்லியிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்களா?

இப்போ மறுபடி என்னை அங்கேயே போட்டிருக்கான். பாலியல் தொல்லை குற்றம்னு ஆபீஸ் சுவர்ல போஸ்டர் ஒட்டியிருக்காங்க. தினமும் அதுக்குத் தூசி தட்டுறது நான்தான்.

ஜெயிப்பேன்னு நம்பிக்கை இல்லை. என்னுது பழைய விஷயம், பார்த்தவங்க யாரும் இல்லை. வேலை போயிடும். வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லல. இருந்தாலும் திங்கட்கிழமை என் பேர்ல மனு கொடுக்கிறேன் அக்கா. உங்களுக்கு நடந்ததையும், அதைப் பார்த்துட்டு நான் வாயை மூடிக்கிட்டு இருந்ததையும் அதுல எழுதுவேன். இது சத்தியம்.

உங்களைத் தனியா விட்ட தங்கச்சி,
தேவி