தகடு இல்லாத மரங்கள்

மார்ச் 4, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

திரையரங்க மேலாளர் இன்று காலை உறுதியாகச் சொல்லிவிட்டார்: 22ஆம் தேதி, சனிக்கிழமை மாலை ஆறரை மணிக் காட்சி நமக்குத்தான். முதலில் என் படம். விளக்குப் போட்டதும் உன் பேச்சு. சினிமாவும் விஞ்ஞானியும் ஒரே டிக்கெட்டில். "காட்டைப் பத்தி அரை மணி நேரம் பேசினா சனம் உக்காருமா?" என்று கேட்டார். "எங்க அக்கா பேசினா மரமே உக்காரும்" என்றேன்.

கல்வித் துறை அதிகாரி வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் படம் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் போகும். மூன்று வருட உழைப்புக்கு இந்த ஒரு கதவுதான் திறந்திருக்கிறது. சுவரொட்டியில் படத்தின் பேருக்குக் கீழே "மனிதக் கை படாத காடு" என்று போட்டிருக்கிறோம். படப்பிடிப்புக்கு அனுமதி வாங்கித் தந்தவளே இன்னும் படத்தைப் பார்க்கவில்லை என்பது என் மனக்குறை. பிரதி இத்துடன் இருக்கிறது. சாக்குச் சொல்லாமல் பார்.

உன் அன்புத் தம்பி

மார்ச் 8, சனி

அன்புள்ள தம்பிக்கு,

படத்தை இரண்டு முறை பார்த்தேன். அழகாக எடுத்திருக்கிறாய். அதைச் சொல்லாமல் மேலே எழுத மனசு கேட்கவில்லை.

ஓடைக் காட்சியில் வருபவை என் ஆய்வு மரங்கள். ஒவ்வொன்றிலும் எண் பொறித்த சின்ன அலுமினியத் தகடு அடித்திருக்கும். ஆண்டுதோறும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடிமரத்தின் சுற்றளவைக் குறிக்கிறோம். உன் படத்தில் ஒரு மரத்திலும் தகடு இல்லை.

நீ இதை இரண்டு வருடத்துக்கு முன் பிப்ரவரியில் எடுத்தாய். அதே வருடம் ஏப்ரலில் என் மாணவன் அளந்தான். நீ 'நெட்டை' என்று கூப்பிடுவாயே, அவன்தான். அந்த ஆண்டுக் கணக்கில் ஓடையோர மரங்கள் பல மெலிந்திருந்தன. மரம் அப்படி மெலியாது. "என்னப்பா, மரம் பட்டினி கிடக்குதா?" என்று தேர்வுக் குழுவில் சிரித்தார்கள். அளக்காமலே எண்களை எழுதிவிட்டான் என்று முடிவு கட்டி, அவனுடைய முனைவர் பட்ட ஆய்வை நிராகரித்தார்கள். அந்த முடிவின் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

தகடுகளை யார் கழற்றியது? யார் திரும்ப மாட்டியது? போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துவோம். எழுது.

அக்கா

மார்ச் 12, புதன்

அக்கா,

கழற்றச் சொன்னது நான்தான். "என்னங்க இது, நடுக்காட்டுல சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் மாதிரி தொங்குது" என்றார் ஒளிப்பதிவாளர். எனக்கும் உறுத்தியது. கழற்றி ஒரு தொப்பியில் போட்டு வைத்தோம். சாயங்காலம் உதவியாளர்கள் திரும்ப அடித்தார்கள். எண்ணைப் பார்த்து அடித்தார்களா என்று நான் கவனிக்கவில்லை. மரத்துக்கு ஒரு தகடு இருந்தால் போதும் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நெட்டை விஷயத்தோடு இதை முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் இதை மேடையில் சொல்லித்தான் ஆகவேண்டுமா? அதிகாரி பாதியில் எழுந்து போய்விடுவார். படம் அத்தோடு முடிந்தது. நெட்டையும் வேறு வேலைக்குப் போய்விட்டார். காட்சி நல்லபடியாக நடக்கட்டும். அப்புறம் உன் குழுவுக்கு அமைதியாக எழுதிக்கொள்ளேன். சின்ன வயசில் நான் ஜன்னல் கண்ணாடியை உடைத்தபோதெல்லாம் அப்பாவிடம் எனக்காகப் பேசினவள் நீ.

தம்பி

மார்ச் 16, ஞாயிறு

தம்பி,

நேற்று ஓடைக்குப் போனேன். பல மரங்களில் பழைய ஆணித் துளை காலியாக இருக்கிறது. பக்கத்தில் புதுத் துளை. பிடுங்கி அடித்தது நிச்சயம். தடித்த மரத்தின் எண் மெல்லிய மரத்துக்குப் போனால் கணக்கில் மரம் மெலியத்தான் செய்யும். எந்த எண் எந்த மரத்துக்குப் போனது என்பதுதான் தெரியவில்லை. கொத்தாக நிற்கிற மரங்கள், வரைபடம் உதவாது.

அங்கிருந்து நெட்டை வீட்டுக்குப் போனேன். இப்போது வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் குறிக்கிறான். நடந்ததைச் சொன்னேன். கதவை முழுசாகத் திறக்காமலே கேட்டான். "மீட்டர் தப்பா ஓடுதுன்னா ஆபீஸ்ல எழுதிக் குடுங்க மேடம்" என்றான். "ஒரே ஒரு தடவை என்கூட ஓடைக்கு வந்து பாருங்க மேடம்" என்று அன்றைக்குக் கெஞ்சினவன். எனக்கு அப்போது நேரமில்லை.

மேடையில் சொல்லத்தான் போகிறேன். உன்னிடம் கேட்பது வேறு. படப்பிடிப்புக்கு முந்தின நாள் ஒத்திகைக்கென்று கொஞ்சம் எடுத்தாய். அதில் தகடுகள் அதனதன் மரத்தில் இருக்கும். அது கிடைத்தால், அவன் அளந்தது சரி என்று குழுவுக்குக் காட்டலாம். கிடைக்காவிட்டால் நம் தப்பை மட்டும்தான் சொல்ல முடியும். அவன் பட்டம் திரும்பி வராது. குழு 27ஆம் தேதி கூடுகிறது.

கண்ணாடி விஷயம் ஞாபகம் இருக்கிறது. நீ உடைத்ததற்கு அப்போது வேறு யாரும் அடி வாங்கவில்லை.

அக்கா

மார்ச் 19, புதன்

அக்காவுக்கு,

மேலாளர் இன்று மதியம் ஒத்துக்கொண்டார்: வரிசை மாறுகிறது. முதலில் உன் பேச்சு, பிறகு படம். அந்த மரங்களில் என்ன இல்லை என்று தெரிந்துகொண்டே எல்லோரும் பார்க்கட்டும். உன் பேச்சுக்கு முன்னால், கழற்றச் சொன்னது யார் என்பதை நானே சொல்லிவிடுகிறேன். உன் வாயால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குத் தெம்பில்லை.

சுவரொட்டியில் "மனிதக் கை படாத" என்பதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டியாயிற்று. "இதுக்கு படத்தோட பேரையே மறைச்சிருக்கலாம்" என்றார் மேலாளர். அதிகாரிக்கு நானே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார். வருவார் என்று தோன்றவில்லை.

ஒத்திகைக் காட்சிகள் இத்துடன் வரும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். எண்களைப் படிக்க முடிகிறது, ஓடை வளைவில் இருட்டில் நிற்கும் இரண்டு மூன்று மரங்களைத் தவிர. அவற்றுக்கு என்ன செய்வாயோ தெரியாது. உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. சனிக்கிழமை முகம் கொடுத்துப் பேசாவிட்டால் பொறுத்துக்கொள்.

நெட்டைக்கு ஒரு டிக்கெட் கொண்டுபோனேன். வீடு பூட்டியிருந்தது, கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன். போன் செய்தால் எடுக்கவில்லை. நடைபாதை ஓரத்து இருக்கையாகப் பார்த்து வாங்கினேன், அவர் கால் நீட்ட வேண்டுமே. குழு சொல்வது 27ஆம் தேதிக்குமேல்தான் தெரியும். அவர் வருகிறாரா என்பது சனிக்கிழமை ஆறரைக்கு.

தம்பி