சீனி குறைத்த திராட்சைச் சாறு

ஸ்காபரோ
14.11.1996

அன்புள்ள மகன் ராகுலனுக்கு,

அம்மா சுகமாக இருக்கிறேன். நீயும் அப்படியே என்று இதுவரை நம்பித்தான் எழுதிவந்தேன், இனி நம்பமாட்டேன். அப்பென்டிக்ஸ் ஒப்பரேஷன் செய்து ஆறு நாள் லண்டன் ஆஸ்பத்திரியில் கிடந்தாயாம், உன் சிநேகிதன் வாகீசன் வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா பயப்படுவா என்று மறைத்தாயாம். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. உன்னைத் திட்டி எழுத உட்கார்ந்தால் என் வேலையிடத்துக் கூத்து குறுக்கே வந்து நிற்கிறது, அதையும் கேள்.

நான் பார்த்துக்கொள்ளும் யூதக் கிழவர் சீமோன் ஐயாவுக்குச் சீனி வருத்தம். வெள்ளிக்கிழமை பொழுதுபட்டால் கோப்பை நிறையத் திராட்சைச் சாறு ஊற்றி, மந்திரம் சொல்லிக் குடிக்காமல் சாப்பாட்டில் கை வைக்கமாட்டார். டாக்குத்தர் இனிப்பைக் குறை என்கிறார், மனுசன் கேட்பதாயில்லை. கடையில் சீனி குறைத்த சாறு இருந்தது, யூதருடைய முத்திரையும் அதில் இருந்தது, வாங்கிவந்து சத்தமில்லாமல் பழைய போத்தலில் ஊற்றி வைத்தேன். நாலு வெள்ளி நல்லபடி போனது. போன வாரம் அவருடைய மருமகள் குப்பையில் அந்தச் சீனி குறைத்த சாற்றின் வெறும் போத்தலைக் கண்டு அவர்களுடைய குருவான ரபியிடம் கேட்டுவிட்டாள். அதில் பாதிக்கு மேல் தண்ணீராம், முத்திரை குடிக்கலாம் என்பதற்கு மட்டும்தானாம், கொடியில் காய்த்த பழத்துக்குரிய மந்திரத்தை அதற்குச் சொல்லக்கூடாதாம், தண்ணீருக்குச் சொல்வதைத்தான் சொல்ல வேண்டுமாம். நாலு கிழமையும் ஆண்டவன் பெயரை வீணாகச் சொன்னதாகிவிட்டதாம். பழத்தில் பிழிந்தது பழமில்லாமல் வேறென்ன என்று நானும் விடாமல் வாதாடினேன். சாறே வேண்டாம், சாப்பிடுகிற கோதுமைப் பாணை வைத்தும் அந்த வெள்ளி மந்திரத்தைச் சொல்லலாமாம், இதை யாராவது முன்னமே சொல்லியிருந்தால் எனக்கு ஏன் இந்தப் பாடு.

மருமகள் என்னை வேலையால் நிறுத்தப் பார்த்தாள், ஐயா விடவில்லை. ஆனால் அவர் தன் இங்கிலீசில் சொன்னது இதுதான்: "ராணி, நீ அதை வாங்கினது பிழையில்லை, எனக்குச் சொல்லாததுதான் பிழை. என்ன குடிக்கிறன் எண்டு தெரியாமல் ஆண்டவனுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

தையல் ஆறும்வரை பாரம் தூக்காதே, உறைப்பைக் குறை. வாகீசனை ஏசாதே. முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். மகன், நீ வயிற்றில் தையலோடு கிடந்த அந்தக் கிழமை நான் கோயிலில் நின்று, உன் சோதனை பாசாக வேண்டும் என்று அர்ச்சனை செய்துகொண்டிருந்தேன். நீ சோதனைக்கே போகவில்லையாம்.

உன் அம்மா,
யோகராணி